மஞ்சள் தடவிய தாம்புக்கயிறு

நனைந்த தேங்காய்நார்க் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு. பாதி பாழுங்கிணறு, பாதி மாட்டுத்தொழுவம். அதோடு மஞ்சளும் சேர்ந்துவிட்டால் எனக்கு ஒரு கணம் பயம் வந்து, அடுத்த நொடி சிரிப்பு வந்துவிடும்.

போன வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் அப்படித்தான் ஆயிற்று. மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரம். ஒரு பஸ்ஸின் கூரைமேல் மஞ்சள் மூட்டைகள் ஊறிக் கிடந்தன. மூட்டை இறக்குகிறவர் ஈரக்கயிற்றின் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. கீழே நின்ற கண்டக்டர், "அறுத்து விடுப்பா, நேரமாச்சு" என்றார். அவ்வளவுதான். நான் ஏற வேண்டிய பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நான் போகவில்லை. நான் கொள்ளிடக்கரையில், ஒரு புங்கமரத்தடியில், கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வயது இருபது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி ஐந்து மாதம். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பாலக்கரைச் சந்துக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது கீழே இருப்பது, இழுத்தால் வருவது. தானாக நடந்து வருகிற தண்ணீரை மழைநாள் தெருவில் மட்டும்தான் பார்த்திருந்தேன். முதல்முதலாகக் காவிரிப் பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது, இவ்வளவையும் யார் இழுத்து ஊற்றுகிறார்கள் என்றுதான் தோன்றியது. தோள் வலித்தது எனக்கு.

என் வீட்டுக்காரருக்கு வைரம்போல மின்னும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிற வேலை. ஆறு நாள் குனிந்த தலை, ஏழாம் நாள் தூண்டில். கடுகளவு கல்லின் முகத்தைத் தடவித் தடவி விரல்நுனி அவருக்குக் கண்ணாகவே ஆகியிருந்தது. தூண்டிலின் தங்கூசி நரம்பு விரலில் நடுங்குகிற விதத்தை வைத்து, வந்திருப்பது கெண்டையா கெளுத்தியா என்று சொல்லிவிடுவார். பாதி நாள் தப்பாகச் சொல்வார். அப்போதும் அதே நம்பிக்கையோடுதான் சொல்வார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. காவிரிக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது என்பதை நான் நம்பவே இல்லை. காரணம் ஜாதகம். இருபத்தேழு வயது முடியும்வரை தண்ணீரில் கண்டம் என்று யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். அதனால் என் அத்தை, அதாவது மாமியார், பிள்ளையை ஆற்றுப்பக்கமே விடவில்லை. வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஊரே தண்ணீரில் இறங்கும்போது, இவரை மட்டும் மேல்படியில் நிற்கவைத்து ஒரு செம்பு மொண்டுவந்து தலையில் தெளிப்பார்களாம். தண்ணீருக்குப் பயந்து தண்ணீரைப் பழக்காமலே வளர்த்துவிட்டார்கள். கண்டம் என்று ஒன்று இருந்தால் அதற்கு இதைவிட வசதி யார் செய்து கொடுப்பார்கள்?

ஆனால் அத்தைக்கு வாளைமீன் குழம்பு என்றால் உயிர். பயம் ஒரு பக்கம் இழுக்கும், நாக்கு மறுபக்கம் இழுக்கும். நாக்குதான் ஜெயிக்கும், சில நிபந்தனைகளோடு.

"தண்ணியில காலு வைக்கக் கூடாது. கரையிலேர்ந்து போட்டா போதும்."

"கரையிலேர்ந்துதாம்மா போடுறேன்."

"எந்தக் கரை? ஈரமா இருக்கிற கரையா, காஞ்ச கரையா?"

"காஞ்ச கரைதாம்மா."

"பொய்யி. போன வாரம் வேட்டி முழங்காலு மட்டும் நனைஞ்சிருந்துச்சு. தொவைச்சவளக் கேளு."

துவைத்தவள் நான்.

அவருக்கு இருபத்தேழு முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அந்த வருஷம் மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காவிரி கொள்ளாமல் மிச்சமெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கி, செங்கல் கரைத்த நிறத்தில் ஓடிற்று. கண்டம் கடைசி நேரத்தில்தான் வேலை காட்டும் என்று அத்தைக்கு ஒரு கணக்கு. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாய் வந்தபின் சும்மா கிடந்த கிணற்றுத் தாம்புக்கயிற்றை எடுத்து, நுனியிலிருந்து நுனிவரை மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள். பூசிவிட்டு என் கையில் கொடுத்தார்கள்.

"நீயும் கூடப் போ. இதுல ஒரு மொனைய மரத்துல கட்டு, ஒரு மொனைய அவன் இடுப்புல கட்டு. நீதான் கட்டணும். மூணு முடிச்சு. அவன் ஒனக்குப் போட்ட மாதிரி."

அவர், "அம்மா, என்னைய என்ன கன்னுக்குட்டின்னு நெனைச்சியா?" என்றார்.

"கன்னுக்குட்டி சொன்னா கேக்கும்" என்றார்கள் அத்தை.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. முடிச்சு என்றால் எங்கள் ஊர் முடிச்சு. அறுபதடிக் கிணற்றில் இரும்பு வாளி விழாமல் கட்டத் தெரிந்த கை. ஆற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சரி. கயிற்றைப் பற்றி எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளில் டபுள்ஸ், அப்போது அது குற்றம். சத்திரம் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்து, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே கொள்ளிடக்கரை. தோளில் மூங்கில் கழி, ஹேண்டில்பாரில் மண்புழு டப்பா, மடியில் மஞ்சள் கயிறு. போலீஸ்காரர் நிற்கிற இடங்களில் மட்டும் நான் இறங்கி நடப்பேன், யாரோ மாதிரி. தாண்டியதும் ஏறிக்கொள்வேன். அந்த ஞாயிறு முழுக்க எனக்கு ஊர்வலமாகத்தான் இருந்தது.

கரையரிப்பைத் தடுக்க அங்கே ஆற்றுக்குள் கருங்கற்களை நீட்டிப் போட்டிருந்தார்கள், ஆற்றின் விலாவில் ஒரு முழங்கையை வைத்து இடித்ததுபோல. மேற்கேயிருந்து வருகிற வெள்ளம் அந்தக் கற்களில் மோதி, எழும்பி, வெள்ளைவெள்ளையாக உடைந்து, நுனியைச் சுற்றிக்கொண்டு பாயும். கடல் பார்க்காத எனக்கு அதுதான் கடல். நுனிக்கு அந்தப்பக்கம், கற்களின் முதுகுக்குப் பின்னால், அதே தண்ணீர் அடக்கமாகச் சுழன்று ஒரு மணல்திட்டில் வந்து படுத்துக்கொள்ளும். அந்த இரண்டும் சந்திக்கிற விளிம்பில்தான் வாளை நிற்கும். எனவே அந்த நுனியில்தான் இவரும் நிற்பார்.

மணல்திட்டுப் பக்கம் ஒரு பரிசல் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற பரிசல்காரி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளம் அதிகமென்று அன்று அவள் பரிசலை விடவில்லை. வேலையில்லாததால் வேடிக்கை பார்த்தாள். நான் ஒரு முனையைக் கரைப் புங்கமரத்தில் கட்டிவிட்டு, இவர் இடுப்பில் மூன்றாவது முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏந்தங்கச்சி, சந்தையில புடிச்சதா?"

நான் முடிச்சை இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

"இல்ல, புதுமாடுதான் இப்புடி மொரண்டு பண்ணும். அதான் கேட்டேன்."

இவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம். "எங்க அத்தை கட்டச் சொன்னாங்க" என்றேன்.

"கட்டச் சொன்னாங்க, சரி. ஓடுற தண்ணியில ஆள மரத்தோட கட்டக் கூடாது தாயி. உருவுற சுருக்குகூட இல்ல. விழுந்தா தண்ணி அப்புடியே அமுக்கும். கட்டாம வுட்டீன்னா, அது பாட்டுக்குக் கொண்டுபோயி இந்த மணல்ல போட்டுட்டுப் போயிரும்."

"எங்க ஊரு முடிச்சு, அவுறாது" என்றேன்.

"அதான் தாயி நானும் சொல்றேன்" என்றாள் பரிசல்காரி, எச்சிலைத் துப்பிவிட்டு.

அந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. இருபது வயதில் காதுக்கு மேல் நிறைய பூ இருக்கும்.

அவர் கற்களின் மேல் நடந்து நுனிக்குப் போனார். பச்சைப்பாசி. ஒவ்வொரு அலையும் கல்லைக் கழுவி இன்னும் வழுக்கலாக்கிவிட்டுப் போயிற்று. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், அதன்மேல் கயிறு. ஒரு கெளுத்தி வந்தது. அடுத்து ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அவர் போகும்போது காய்ந்திருந்த ஒரு கல், அரைமணியில் கறுத்து நனைந்திருந்தது. பார்த்தேன். பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஆறு இன்னும் சொல்லித்தரவில்லை.

கழி வில்லாக வளைந்தது. "வாளை" என்று அவர் என் பக்கம் திரும்பிக் கத்தினார். திரும்பினார் இல்லையா, அதுதான். தண்ணீருக்கு முதுகைக் காட்டிய அந்த நொடியில் ஒரு பெரிய அலை பின்னாலிருந்து முழங்காலை மடக்கிற்று. ஒரு கால் பாசியில். அடுத்த கால் காற்றில். ஆளைக் காணோம்.

கயிறு விறைத்தது. புங்கமரத்தின் பட்டை நெறித்தது. பிடித்துவிட்டது, என் முடிச்சு பிடித்துவிட்டது என்று ஒரு மூச்சு சந்தோஷப்பட்டேன். மறு மூச்சில் பார்த்தால், நுனியைத் தாண்டிப் பாய்கிற வெள்ளத்தின் நட்டநடுவில் அவர் தலை மேலே வருகிறது, உடனே தண்ணீர் ஏறி அதை அமுக்குகிறது. மறுபடி வருகிறது, மறுபடி அமுக்குகிறது. கயிறு அவரைப் போகவும் விடவில்லை, வரவும் விடவில்லை. ஓடுகிற பஸ்ஸில் முந்தானை மாட்டிக்கொண்டதுபோல. இழுத்தேன். அறுபதடிக் கிணறு இழுத்த கை. கொள்ளிடம் என்னைச் சட்டைகூடப் பண்ணவில்லை.

பரிசல்காரி என் பக்கத்தில் இருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. மரத்து முடிச்சை ஒருமுறை தொட்டாள். ஈரமும் இழுப்பும் சேர்ந்து அது கல்லாகியிருந்தது. மடியிலிருந்து பாக்கு வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் போயி மணல்திட்டு மொனையில துடுப்ப நீட்டிக்கிட்டு நிக்கிறேன். கையத் தூக்குவேன். தூக்கினதும் அறு. அதுக்கு முன்னாடி அறுக்காத. தூக்கினப்பறம் யோசிக்காத."

ஓடினாள். அவள் ஓடிப்போன அந்த நாற்பது ஐம்பது அடியை நான் இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறேன். கத்தி கயிற்றின்மேல். மூக்கில் மஞ்சளும் ஈரநாரும். நானே போட்ட முடிச்சு. தாலி மாதிரி என்று சொல்லிக் கொடுத்த முடிச்சு. இதை நான் அறுப்பதா? அறுத்தால் அவர் போகிறார், அறுக்காவிட்டாலும் போகிறார். தலை வந்தது, அமுங்கிற்று. வந்தது. அமுங்கிற்று. இந்தமுறை வர நேரமாயிற்று.

கை உயர்ந்தது.

அறுத்தேன். நார் நாராகத் தெறித்து, கடைசி இழை தானே அறுந்தது. கயிறு பாம்புபோலக் கற்களின்மேல் ஓடி மறைந்தது. அவர் நுனியைச் சுற்றிக்கொண்டு, சுழலில் ஒரு அரைவட்டம் போட்டு, யாரோ தாம்பாளத்தில் வைத்து நீட்டியதுபோல நேராகப் பரிசல்காரியின் துடுப்புக்கு வந்து சேர்ந்தார். அவள் அவர் இடுப்புக் கயிற்றையே பிடித்து மணலில் இழுத்துப் போட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது குப்புறக் கிடந்து கொள்ளிடத்தைக் கக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் மூங்கில் கழி இன்னும் இருந்தது. விடவில்லை மனிதர். உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்தார்.

"வாளை போயிருச்சு புள்ள" என்றார்.

"வேட்டியும்தான்" என்றாள் பரிசல்காரி.

அப்போதுதான் மூன்று பேரும் பார்த்தோம். இடுப்பில் மஞ்சள் கயிறு இருந்தது, மூன்று முடிச்சும் இருந்தன, வேட்டி மட்டும் சீர்காழிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை அவர் கேட்கிறார். இரண்டும்தான். கோடுபோட்ட அரைக்கால் டிராயரோடு அவர் உட்கார்ந்திருந்தார். பரிசல்காரி தன் தலைத்துண்டை எடுத்து அவர்மேல் எறிந்துவிட்டு மரியாதையாகத் திரும்பிக்கொண்டாள். இடுப்பு முடிச்சை அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் ஊர் முடிச்சு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதலில் தேடியது பிள்ளையை அல்ல, கயிற்றை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அத்தைக்கு முகம் விரிந்துவிட்டது. "அப்பாடா. கண்டம் அதோட போச்சு" என்று சொல்லி, ஒன்றரை மாதம் மிச்சமிருக்கும்போதே அந்தக் கணக்கை முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கயிறும் வரவில்லை, மஞ்சளும் வரவில்லை. அன்று ராத்திரி ஒற்றைக் கெளுத்திக் குழம்பில் வாளையைத் தேடிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். நீந்தத் தெரியாமல் இனி தூண்டிலைத் தொடக்கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். காவிரியில் தண்ணீர் இறங்கிய பிறகு, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு இருபத்தேழு வயது ஆள் கையைக் காலை உதைத்தார். ஸ்நானத்துக்கு வந்த கோயில் வீட்டுப் பெரியவர் ஒருவர் நாலு நாள் பார்த்துவிட்டு, "என்ன ஓய், இது மத்ஸ்யாவதாரமா, கூர்மாவதாரமா? ஒண்ணு நிச்சயம் பண்ணிண்டு இறங்கும்" என்றார். ஐந்தாம் நாள் குடுக்கை இல்லாமல் மிதந்தார். ஆமை, மீனாயிற்று. எனக்கும் ஆசை வந்து மறு வருஷம் நானும் இறங்கினேன். அது வேறு கதை, அதில் இன்னும் நிறைய சிரிப்பு.

அதன்பின் எத்தனையோ வருஷம் அதே கரையில் நின்றோம். ஆனால் நின்ற விதம் வேறு. போனதும் தூண்டிலை எடுக்கமாட்டோம். ஒரு வெற்றிலை மென்று முடிக்கும்வரை சும்மா தண்ணீரைப் பார்ப்போம், அலை எந்தக் கல்வரை ஏறுகிறது, எத்தனைக்கு ஒன்று பெரிதாக வருகிறது என்று. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பேன். குச்சியின் கால் நனைந்தால் எழுந்துவிட வேண்டும், தூண்டிலில் திமிங்கலமே இருந்தாலும். வேட்டி கூடாது, டிராயர்தான். நனைந்த கல்லில் ஏறக்கூடாது. தண்ணீருக்கு முதுகு காட்டக்கூடாது, பெண்டாட்டி கூப்பிட்டாலும் சரி. விழுந்தால் கழியை விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்பாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

அத்தையிடம் என்ன சொன்னேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அது என் மூளையில் உதித்ததல்ல. அன்று சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பியபோது, பரிசல்காரி புங்கமரத்தைக் காட்டினாள். அறுந்த மிச்சக் கயிறு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அந்தத் துண்டக் குடுத்துட்டுப் போறியா? வீட்டுல நெசமாவே ஒரு கன்னுக்குட்டி இருக்கு."

"ரெண்டு துண்டையும் எடுத்துக்கங்கக்கா. வீட்டுல கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

"ஆறு கேட்டுச்சு, ஆளுக்குப் பதிலா கயிறக் குடுத்துட்டு வந்தோம்னு சொல்லு. பொய்யா அது?"

யோசித்துப் பார்த்தேன். பொய்யில்லை. தலைத்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு சைக்கிளைப் பிடித்தபடி நின்ற இவர், "துண்ட அடுத்த ஞாயித்துக்கெழமை தொவைச்சுக் கொண்டாந்து குடுத்துடுறேங்க்கா" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவீங்களா தம்பி?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அது பாட்டுக்கு உடைந்து உடைந்து போய்க்கொண்டிருந்தது.

"வருவோங்க்கா. போயிட்டு வரோம்" என்றேன்.

"வாங்க. வரும்போது கயிறு கொண்டாராதீங்க. வெத்தல கொண்டாங்க."